ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஓய்வு கிடையாது

விஜயதசமி காலை. தி.நகரில் எங்கள் கடை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. நல்ல நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் வாங்க வந்த கூட்டம் மாடிப்படி வரைக்கும் நின்றது. அந்தக் கூட்டத்துக்கு ருசி காட்டுவதற்காக நானே சமைத்து, நானே உறைய வைத்திருந்த சுண்டலையும் சாம்பாரையும் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் கறுப்புக் குப்பைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி என் எதிரே வந்து நின்று, "எம்மா, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

எங்கள் டெமோ பிரிவில் புதிதாகச் சேரும் பெண்கள் எல்லோரும் அந்தக் காலையைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கடையில் ஆளுக்கொரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு கதையில் நான் முதலாளி அண்ணாச்சி மேல் டம்ளரை விட்டெறிந்தேனாம். இன்னொன்றில் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போய், அவர் ஆட்டோ பிடித்து வந்து கூட்டிப் போனாராம். இரண்டும் நடக்கவில்லை. நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

1. பிளக்கைச் சொருகும் வேலை

அதற்கு முன்னால் பல வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் டயட் கிச்சனில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தேன். கோல்ட் ரூம் என்கிற குளிர் அறையின் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். நோயாளிக்குப் போகிற சாப்பாடு எப்போது சமைத்தது, எப்போது ஆறியது, எப்போது உள்ளே போனது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் ஒரு கரண்டி வெளியே போகாது. பிறகு கிச்சனைக் காண்ட்ராக்டுக்கு விட்டார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சும்மா உட்கார எனக்கு வராது. தி.நகரில் இந்த வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஃப்ரிட்ஜ் டெமோவுக்கு ஆள் வேண்டும் என்று போர்டு பார்த்து உள்ளே போனேன்.

முதலாளி தூத்துக்குடிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டெமோன்னா என்னம்மா? பொட்டியப் பிரிச்சு பிளக்கைச் சொருகுறது. அதுக்கு எதுக்கு வீட்டுக்கு ஒரு பொம்பள ஆளு போகணும்? கம்பெனிக்காரன் சொல்லுதான்னு போர்டு வச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. வேலை கேட்க வந்த இடம் என்பது மறந்துபோனது.

"பிளக்கைச் சொருக உங்ககிட்ட எலக்ட்ரீசியன் இருக்கார் அண்ணாச்சி. வாங்கிட்டுப் போறவங்க அதுல கண்டபடி வச்சு எடுத்து வயித்தைக் கெடுத்துக்காம இருக்கறதுக்குத்தான் நான்."

அவர் சிரித்தார். "வாய் இருக்கு. வேல இருக்கான்னு பாப்பம். விஜயதசமி வரைக்கும் இரு. அன்னைக்குத்தான் நமக்குப் பெரிய யாவாரம். அன்னைக்கு ஒன் டெமோவைப் பாத்துட்டு, வேணுமா வேண்டாமான்னு சொல்லுதேன்."

அப்போது ஆடி மாதம். அவர் சொன்ன விஜயதசமிதான் என் பரீட்சை என்று அன்றே புரிந்துவிட்டது. வீட்டில் என் சம்பளம் இல்லாமல் ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பின்னால் செய்ததன் கனம் உங்களுக்குத் தெரியாது.

2. அபிராமபுரத்து மாமி

நான் முதலில் போன வீடுகளில் ஒன்று அபிராமபுரத்தில் பங்கஜம் மாமி வீடு. மாமாவும் மாமியும் மட்டும். ஒரே மகள் வித்யா கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். கடை ஆட்கள் ஃப்ரிட்ஜை வைத்துவிட்டுப் போன மறுநாள் நான் போனேன். உள்ளே நுழைந்ததும் சமையல் மேடையில் மூடி போட்ட ஒரு சம்படம் வியர்த்து நிற்பதைப் பார்த்தேன்.

"இது என்ன மாமி?"

"நேத்திக்கு சாம்பார். ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன். காலம்பற எடுத்து வெளில வெச்சேன், மத்தியானத்துக்குள்ள தானா எளகிடுமோன்னோ?"

"சென்னை வெயில்ல அது தானா எளகும் மாமி. அது கூடவே கிருமியும் தானா முழிச்சுக்கும்."

மாமி முகம் சுருங்கியது. "ஃப்ரீசர்ல வெச்சா கிருமி செத்துப் போயிடாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே போதும், ஒரு ஆள் பிழைத்துக்கொள்வார். எல்லா வீட்டிலும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது. தூங்கத்தான் வைக்கும். சூடு பட்டதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து பெருக ஆரம்பிக்கும். அதனால் உறைய வைப்பதைவிட இளக வைப்பதில்தான் வேலை இருக்கிறது. மாமியிடம் சொன்னேன்: "நாளைக்கு வேணும்னா இன்னிக்கு ராத்திரியே ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து, ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வச்சுடுங்க. மெதுவா, குளிர்லயே எளகட்டும். அவசரமா? நல்லா மூடின கவரா இருந்தா பச்சைத் தண்ணில முக்கி வச்சு, அரைமணிக்கொரு தரம் தண்ணிய மாத்துங்க. எளகினதும் உடனே அடுப்புல வைக்கணும். சாம்பார், கூட்டெல்லாம் எளகவே வேண்டாம், கட்டியாவே பாத்திரத்துல போட்டு தளதளன்னு கொதிக்க விடலாம்."

மாமி நல்ல மாணவி. எதையும் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டார், குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் செய்வார். அவர் கேட்டதால்தான் நானும் பல விஷயங்களைச் சொல்லத் தெரிந்துகொண்டேன். பெரிய பாத்திரத்தோடு சூடாக உள்ளே தள்ளாதீர்கள், பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து சூடாகும். ஒரு வேளைக்கு வேண்டியதைத் தட்டையாகக் கவரில் போட்டு, ஆறிய கையோடு உள்ளே வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். மேலே என்ன, எப்போது என்று எழுதி ஒட்டுங்கள், உறைந்த பிறகு ரசமும் சாம்பாரும் ஒன்றுதான். இத்தனையும் மாமி வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தினார். "ஏம்மா கற்பகம், நாங்க அடிக்கடி பெங்களூர் போயிடுவோம். நாங்க இல்லாதப்போ கரண்ட் போயி, எல்லாம் எளகி, திரும்ப கரண்ட் வந்து எல்லாம் கல்லாயிடுத்துன்னா நேக்கு எப்படித் தெரியும்? ஃப்ரிட்ஜ் வாயைத் திறந்து சொல்லுமா?"

"சொல்லும் மாமி. உள்ள தெரியற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டம்ளர் குடுங்க. அப்படியே ஒரு ரூபாய்க் காசு."

டயட் கிச்சனில் நாங்கள் செய்கிற வழி அது. டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். நன்றாக உறைந்ததும் மேலே காசை வைத்துவிட வேண்டும். ஊரிலிருந்து வந்ததும் பாருங்கள். காசு மேலேயே இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. அடியில் கிடந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, காசு முழுகி, மறுபடி உறைந்திருக்கிறது. அப்போது உள்ளே இருப்பது எதையும் சாப்பிடக் கூடாது, கல்லாக இருந்தாலும் சரி. நடுவில் நின்றால் பாதி இளகியிருக்கிறது, சந்தேகமானதைக் கொட்டிவிட வேண்டும்.

மாமிக்குப் பிடித்துப்போனது. "பெருமாளுக்கு மஞ்சத் துணில காசு முடிஞ்சு வெப்போம். இப்போ ஃப்ரீசருக்குமா!" என்று சிரித்தார். ஆனால் அன்றே வைத்துவிட்டார்.

3. சுண்டல் திட்டம்

நவராத்திரி நெருங்கியது. அண்ணாச்சி கூப்பிட்டார். "விஜயதசமி அன்னைக்கு மாடியில டெமோ வச்சிருக்கேன். வாரவங்களுக்கு வாய்க்கு ருசியா ஏதாவது குடுக்கணும். என்ன செய்யப் போற?"

எனக்குப் பளிச்சென்று தோன்றியது சுண்டல். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நவராத்திரி நாளில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பொட்டலம் சுண்டல் கையில் ஏறும். நாலு கொலு பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் சுண்டல் மலை. மறுநாள் பாதி ஊசிப்போகும். கொட்டவும் மனசு வராது. அதை உறைய வைத்து, இரண்டு வாரம் கழித்துச் சாப்பிடலாம் என்று காட்டினால் எந்தப் பெண்மணி நின்று பார்க்க மாட்டாள்?

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தேங்காய் போட்ட சுண்டல் சீக்கிரம் கெடும், இளகினால் சொதசொதவென்று ஆகும். தேங்காய் போடாமல், வேக வைத்துத் தாளித்து, ஆற வைத்து உறைய வைத்தால் முத்து முத்தாக நிற்கும். சூடு செய்தபின் புதிதாகத் தேங்காய் துருவிப் போட்டால் அன்று செய்தது போலவே இருக்கும். கொண்டைக்கடலையிலும் பச்சைப் பட்டாணியிலும் சுண்டல் செய்தேன். கடைக்கு எதிர் வீட்டு மாடியில் ஒரு அடுப்பைக் கேட்டு வாங்கி, சாம்பாரும் வைத்து, தட்டைத் தட்டையாகப் பொட்டலம் கட்டி, கடை மாடியில் இருந்த பெரிய டெமோ ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். கதவுப் பக்கத்தில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளரில் ஐஸும் காசும் வைத்தேன். பழக்க தோஷம். இப்போது வரைக்கும் நான் தொட்ட எந்த ஃப்ரீசரிலும் அது இல்லாமல் இருந்ததில்லை.

ஆயுத பூஜைக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் லீவு சொன்னேன். எங்கள் வீட்டிலும் கொலு உண்டு. "போயிட்டு வாம்மா. விஜயதசமி காலையில சீக்கிரம் வந்துரு" என்றார் அண்ணாச்சி.

விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்னால் பங்கஜம் மாமி ஃபோன் செய்தார். வித்யாவுக்கு ஏழாம் மாசம். நவராத்திரிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு பெங்களூரில் அவளுக்குப் பெரிய ஃப்ரிட்ஜ் வேண்டுமாம். "உன் டெமோவுக்கு அழைச்சுண்டு வரேன். நீ சொன்னா மாதிரியே அவளுக்குன்னு ஒரு வாரமா கூட்டு, பருப்புசிலி எல்லாம் பண்ணி ஃப்ரீசர்ல அடுக்கி வெச்சிருக்கேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

4. டம்ளருக்குள் காசு

விஜயதசமி அன்று கடை திறக்கும் முன்பே மாடி ஏறிவிட்டேன். டெமோ ஃப்ரிட்ஜுக்கு நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. ஃப்ரீசர் கைப்பிடியில் மாவிலைத் தோரணம் கட்டி, அதன் நூல் கதவு இடுக்கில் போய் மாட்டியிருந்தது. கதவு முழுக்கச் சாத்தவில்லை. ரப்பர் விலகி, நூலளவுக்கு இடைவெளி.

திறந்தேன். பொட்டலங்கள் எல்லாம் கல் போல இருந்தன. ஆனால் நான் தட்டையாக வைத்த கவர்கள் தட்டையாக இல்லை. கம்பித் தட்டின் இடைவெளியில் இறங்கி, வளைந்து உறைந்திருந்தன. முத்து முத்தாக இருந்த பட்டாணி ஒரே கட்டி. டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு ரூபாய்க் காசு அடியில் கிடந்தது.

எலக்ட்ரீசியன் குமாரைக் கூப்பிட்டேன். ஐஸ்ஹவுஸ் பக்கத்துக்காரர், என் வயசுதான்.

"குமாரு, மாடி மெயினை எப்போ ஆஃப் பண்ணீங்க?"

"இன்னாக்கா, முந்தா நேத்து காலைலயே. தண்ணி ஊத்திக் கழுவிக்கினு இருந்தாங்கோ, ஷாக் அடிச்சா இன்னா பண்றது? அப்பால நேத்து ஆயுத பூஜைன்னு அண்ணாச்சி, கருவி எல்லாம் ரெஸ்ட்ல இருக்கணும், மெயின் போடாதன்னாரு. சாயங்காலம் பூஜ முட்ச்சி சீரியல் செட்டு எரியணும்னுட்டு போட்டேன்."

முந்தா நாள் காலையிலிருந்து நேற்று சாயங்காலம் வரை. கதவும் சரியாகச் சாத்தாமல். ஐப்பசிப் புழுக்கத்தில் எல்லாம் இளகி, வெதுவெதுப்பாகி நின்று, பிறகு ராத்திரியில் மறுபடி கல்லாகியிருக்கிறது. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். குமார் மேல் கோபம் வரவில்லை. கருவிகளுக்கு ஓய்வு கொடுத்து வணங்குவது நம் வழக்கம். ஃப்ரிட்ஜும் கருவிதானே என்று நினைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் விற்கிற கடையிலேயே!

அண்ணாச்சி மேலே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது.

"கல்லு கணக்கா இருக்கும்லா. சூடு பண்ணிக் குடுத்தா கிருமியெல்லாம் போயிரும். மோந்து பாரு, வாடையே இல்ல."

"கிருமி போயிடும் அண்ணாச்சி. ஆனா சாப்பாடு வெளில நின்னப்போ சில கிருமி விட்ட விஷம் கொதிச்சாலும் போகாது. அதுக்கு வாடையும் கிடையாது. மோந்து பார்த்துத் தப்பிக்க முடியாது."

"கீழ ஜனம் ஏறிட்டு இருக்கு. இப்ப போயி ஒண்ணும் இல்லன்னா எப்படி?"

"நான் குடுக்க மாட்டேன்."

நான் கவரை விரித்து முதல் பொட்டலத்தைப் போட்டேன். அப்போதுதான் அவர் கேட்டார், உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு என்று. படியில் ஏறி வந்தவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மட்டுமாக அழுத்தி வந்தது.

"நல்ல நாளும் அதுவுமா, சாமி படத்துக்கு முன்னால, அன்னத்தைக் குப்பையில கொட்டுத. எங்க கடை ஃப்ரிட்ஜுலயே சாப்பாடு கெட்டுப்போச்சுன்னு ஊருக்குச் சொல்லுத. எவன் வாங்குவான்? எம்மா, நல்லா யோசிச்சுக்கிடு. இன்னையோட ஒன் டெமோ முடிஞ்சிரும்."

நானே கடலை ஊற வைத்து, வேக வைத்து, விசிறியடியில் ஆற வைத்துக் கட்டிய பொட்டலங்கள் அவை. அன்னத்தைக் கொட்ட எனக்கு மட்டும் இனிக்குமா? அடுத்த மாசச் சம்பளமும் கண் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். படியில் முதல் ஆளாகப் பங்கஜம் மாமி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி மூச்சு வாங்கி நின்ற வித்யா.

அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை.

"யார் சாப்பிடப் போறாங்கன்னு பாருங்க அண்ணாச்சி" என்றேன். "என்னை அனுப்பணும்னா சாயங்காலம் அனுப்புங்க. இதை இப்போ கொட்டிட்டுத்தான் போவேன்."

5. எல்லோரும் ஃபோனை எடுத்தார்கள்

மாமி முன்னால் வந்தார். "ஏம்மா கற்பகம், நன்னாத்தானே இருக்கு? எதுக்குக் கொட்டறே?"

மறைக்க ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டபின் சொல்வது சுலபம். டம்ளரைத் தூக்கிப் பிடித்தேன். "காசு எங்க இருக்கு பாருங்க மாமி."

மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "அடில."

கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். கடையைக் கழுவினோம், மெயினை நிறுத்தினோம், ஆயுத பூஜைக்கு ஓய்வு கொடுத்தோம், சாயங்காலம் மறுபடி போட்டோம். உள்ளே எல்லாம் இளகித் திரும்பக் கல்லாகிவிட்டது. கையால் தொட்டுப் பார்த்தால் நேற்று வைத்தது போலவே இருக்கும். இந்தக் காசு மட்டும்தான் நிஜத்தைச் சொல்கிறது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கீழே இறங்கிப் போகவும் இல்லை. மாமி முகம் மட்டும் வெளுத்தது.

"கற்பகம்... நானும் நேத்திக்கு ஃப்ரிட்ஜைத் தொடச்சு, பொட்டு வெச்சு, மாலை போட்டு ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டேனே! காலம்பறயிலேர்ந்து ராத்திரி வரைக்கும். மாலை இடிச்சதுன்னு கதவை ஒருக்களிச்சு விட்டுட்டேன். அப்புறம் கதவைச் சாத்தி ஸ்விட்சைப் போட்டேன். காத்தால பார்த்தேன், எல்லாம் கல்லா இருந்துது. சரியாப் போச்சுன்னு..."

வித்யா திரும்பினாள். "அம்மா, மத்தியானத்துக்கு அந்தக் கூட்டைத்தானே கொதிக்க வெக்கப் போறேன்னே?"

மாமி பையிலிருந்து ஃபோனை எடுத்தார். விரல் ஓடவில்லை. வித்யாதான் நம்பர் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மாமா எடுத்தார்.

"ஏன்னா! ஃப்ரீசரைத் திறங்கோ. அந்த டம்ளரைப் பாருங்கோ. காசு எங்க இருக்கு?"

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"காசையே காணோம்டீ. எவன் எடுத்தான்? இரு, இரு... அடில கிடக்கு."

"எதையும் தொடாதேங்கோ! எல்லாத்தையும் எடுத்து வெளில போட்டுடுங்கோ!"

"எல்லாத்தையுமா? பருப்புசிலியுமா?"

"பருப்புசிலியும்தான்!" என்று மாமி கத்தினார். அப்போதுதான் கூட்டம் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நீளவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண் ஃபோனில் "அந்தக் கோழியை ஊற வைக்காதே" என்று சொல்வது கேட்டது. இன்னொருவர் "குழந்தைக்கு அந்த ஐஸ்கிரீமைக் குடுத்திட்டியா?" என்று பதறினார். எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நேற்று பொட்டு வைத்து ஓய்வு கொடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு ஊரே செய்த தப்பு. மாடியில் பாதிப் பேர் ஃபோனும் காதுமாக நின்றார்கள்.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிற தேசம்மா ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் பார்க்க வந்திருந்தார். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நானும் எம் பொட்டிக்குப் பொட்டு வச்சேன்மே. ஆனா அது தெர்மகோல் பொட்டி, ஸ்விட்சே கெடயாது. ஐசு கீது, அத்தினிதான். அதுக்கு ஏது ரெஸ்ட்டு?" என்றார்.

அதற்கு எல்லோரும் நிஜமாகவே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு கேள்விகள் வந்தன பாருங்கள், எந்த டெமோவிலும் எனக்கு அப்படி வந்ததில்லை. எதைக் கொட்டணும், எதை வைக்கலாம்? இளகும்போதே பார்த்தால், உள்ளே ஐஸ் துகள் இன்னும் இருந்து ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியும் இருந்தால் உடனே சமைத்துவிடலாம் என்றேன். இளகி வெளி உஷ்ணத்துக்கு வந்து நின்றதென்றால் கறி, மீன், பால், சமைத்தது எதையும் வைக்காதீர்கள். கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். திறக்காத ஃப்ரீசர், உள்ளே நிறைய அடுக்கியிருந்தால், ஒரு நாளுக்கு மேலேயே தாங்கும். பேசப் பேசச் சுண்டல் தட்டு இல்லாத குறையே யாருக்கும் தெரியவில்லை.

நடுவில் அண்ணாச்சியைக் காணோம். ஜன்னல் ஓரமாக நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஃபோனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் குரல் மறைகிற குரல் இல்லை.

"ஏளா, நேத்து ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு வச்சியே, சுவிட்சை அமத்தினியா?... அமத்தினியா! அந்த வஞ்சிரத்தை எடுத்து வச்சிட்டியா? தொடாத. பேரப்புள்ளைக்குக் குடுத்திராத. நான் சொல்லுதேன்லா, கொட்டிரு. எல்லாத்தையும் கொட்டிரு."

அவர் திரும்பியபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

6. இன்று வரை

அன்று சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றேன். காலையில் சொன்னதைச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டே, "விஜயதசமி முடிஞ்சிட்டு. நாளைக்கு எப்ப வருவே?" என்று கேட்டார்.

"எப்பவும் போல."

"சரி. வாரப்ப அந்த டம்ளர் எங்க மொத்தமா கெடைக்கும்னு விசாரிச்சிட்டு வா. ஃப்ரிட்ஜ் வாங்குத ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு குடுத்திருவோம். காசு அவங்க போட்டுக்கிடட்டும்."

மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்படவும் இல்லை. என் வேலை என்ன என்று முதல் நாள் நான் சொன்னதை, அவர் வாயால் வேறு விதமாகச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் கடையில் ஆயுத பூஜை நடக்கும் விதம் மாறியது. கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், தராசு எல்லாம் சாமி முன்னால் ஓய்வெடுக்கும். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டு. மாலை கதவில் படாமல் மேலே போடுவோம். குமார்தான் இப்போது மெயின் போர்டுக்குக் காவல். "யாரும் கைய வெக்காதீங்கோ, உள்ள உசுரு தூங்கிக்கினு கீது" என்று புதுப் பையன்களை விரட்டுகிறார். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்ததை அவர் தன் பாஷையில் நன்றாகவே சொல்கிறார்.

டெமோவுக்குப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய உபதேசம் இல்லை. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் ஃப்ரிட்ஜைப் பார்ப்பதற்கு முன்னால் சமையல் மேடையைப் பாருங்கள். அங்கே எது வியர்த்து நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள். கையால் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து முடிவு சொல்லாதீர்கள். உறைந்த பண்டம் பொய் சொல்லும், காசு சொல்லாது. நம் கடையில் தப்பு நடந்தால் அதை மறைக்காதீர்கள். நான் மட்டும் அன்று கவரை மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்தால், அபிராமபுரத்தில் மத்தியானம் அந்தக் கூட்டு கொதித்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு விஜயதசமி காலையிலும் என் ஃபோனில் வாட்ஸ்அப் படங்கள் வந்து குவிகின்றன. யாரும் சாமி படம் அனுப்புவதில்லை. ஐஸ் டம்ளர் படம் அனுப்புகிறார்கள். அடையாறு, கோபாலபுரம், மந்தைவெளி, எங்கெங்கிருந்தோ. "காசு மேலதான் இருக்கு அக்கா" என்று கீழே எழுதியிருக்கும். அண்ணாச்சியும் அனுப்புகிறார், எழுத்து எதுவும் இல்லாமல், படம் மட்டும்.

போன விஜயதசமிக்கு பெங்களூரிலிருந்து ஒரு படம் வந்தது. டம்ளர், அதன் மேல் காசு, காசைத் தொட்டுக் காட்டுகிற ஒரு குட்டி விரல், நகத்தில் ரோஸ் பாலிஷ். கூடவே ஒரு குரல் செய்தி: "மேல இருக்கு ஆன்ட்டி! நான்தான் ஃபர்ஸ்ட் பார்த்தேன்!"

நான் சுண்டலைக் கொட்டிய அந்தக் காலையில், இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபடி எங்கள் கடை மாடிப்படி ஏறி வந்திருந்தாள். அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.